கொடியை மூடிவிட்டுப் படியுங்கள்

ஒரு சின்ன விளையாட்டு ஆடிப் பார்ப்போம். நான்கு பேர் செய்த நான்கு காரியங்களைச் சொல்கிறேன். பெயரும் நாடும் சொல்லமாட்டேன். நால்வரும் இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஆட்கள்.

ஒருவன், தான் மூழ்கடித்த கப்பலிலிருந்து கடலில் விழுந்து தத்தளித்தவர்களைத் தன் கப்பலில் ஏற்றி, நான்காம் நாள் வரை சோறும் தண்ணீரும் கொடுத்து வைத்திருந்தான். இன்னொருவன், அப்படி ஏற்றப்பட்டவர்கள் மேல்தளத்தில் நெருக்கியடித்துக்கொண்டிருக்க, செஞ்சிலுவைக் கொடி விரித்து நின்ற அந்தக் கப்பலின்மேல் விமானத்திலிருந்து குண்டு போட்டான். மூன்றாமவன், மூழ்கிய கப்பலின் மிதவைகளைப் பற்றிக்கொண்டு ஆட்கள் கிடந்த இடத்தை நோக்கி இயந்திரத் துப்பாக்கியால் சுடச் சொன்னான். நான்காமவன், தன் கப்பலில் அதிகாரிகள் சாப்பிடும் அறையில் மாட்டியிருந்த தலைவர் படத்தைக் கழற்றச் சொன்னான்.

இவர்களில் இருவருக்குப் பதக்கம் கிடைத்தது. இருவரைத் துப்பாக்கி வரிசைக்கு முன்னால் நிறுத்திச் சுட்டுக் கொன்றார்கள். யாருக்கு எது? ஒரு தாளில் எழுதி மடித்து வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் மாற்றக் கூடாது.

முதலாமவனின் கப்பலிலிருந்து தொடங்குகிறேன். அதற்குப் பெயர்கூடக் கிடையாது, எண்தான்: யு-156. ஜெர்மனியின் பிரெமன் நகரில் ஏ.ஜி. வேசர் என்ற கப்பல் தளத்தில் கட்டி, 1941 செப்டம்பர் 4 அன்று கடற்படையில் சேர்த்தார்கள். நீளம் சுமார் 77 மீட்டர். அதற்குள் 50 பேருக்கு மேல் எண்ணெய் நாற்றத்தோடும் டார்பிடோக்களோடும் மாதக்கணக்கில் அடைந்து கிடக்க வேண்டும். அதன் ஆயுள் ஒன்றரை ஆண்டு. அந்த ஒன்றரை ஆண்டில் 20 கப்பல்களை மூழ்கடித்தது. டன் கணக்கில் சொன்னால் 97,000க்கு மேல். கப்பற்படைகள் இப்படித்தான் டன்னில் கணக்கு எழுதும். அந்த டன் கப்பலின் கொள்ளளவு, அதனால் எழுதிக்கொள்ள வசதி. செத்தவர்களை டன்னில் எழுத முடியாது.

கேப்டன் வெர்னர் ஹார்டென்ஸ்டைன். 1908இல் பிறந்தவர். ஒழுங்கானவர், துணிச்சல்காரர், கடமையில் கண்டிப்பானவர் என்று பெயர் வாங்கியவர். ஒரு மனிதனைப் பற்றி இந்த மூன்று சொற்களையும் கேட்டவுடன் நமக்கு மரியாதை வந்துவிடுகிறது. கடமை, கண்ணியம், கட்டுப்பாடு என்று படித்து வளர்ந்தவர்கள் நாம். அந்த மரியாதையைக் கொஞ்ச நேரம் ஒத்திவையுங்கள். யாருக்குக் கடமை, எதற்குக் கட்டுப்பாடு என்று கேட்காதவரை அந்தச் சொற்கள் வெறும் பாத்திரங்கள். பாலும் ஊற்றலாம், விஷமும் ஊற்றலாம்.

1942 பிப்ரவரி 16. கரீபியன் கடலில் டச்சுக்காரர்கள் ஆண்ட அரூபா தீவு. அங்கே சான் நிக்கோலாஸ் என்ற ஊரில், அன்றைய உலகின் மிகப் பெரிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் ஒன்று. இரவு விளக்குகளைக்கூட அணைக்காமல் ஊர் தூங்கிக்கொண்டிருந்தது. யு-156 துறைமுகத்துக்கு அருகே வந்து, நங்கூரமிட்டு நின்ற எண்ணெய்க் கப்பல்களை டார்பிடோவால் அடித்தது. கொட்டிய எண்ணெய் கடல்மேல் பரவித் தீப்பிடித்தது. மாலுமிகள் எரியும் தண்ணீருக்குள் குதித்தார்கள். அடுத்த கட்டம், மேல்தளத்துப் பீரங்கியால் ஆலையைச் சுட்டுக் கொளுத்துவது.

பீரங்கிக் குழாயின் வாயில் கடல்நீர் புகாமலிருக்க ஒரு மூடி போட்டிருப்பார்கள். சுடுவதற்கு முன் அதைக் கழற்ற வேண்டும். அன்று கழற்ற மறந்துவிட்டார்கள். முதல் குண்டு குழாயின் நுனியிலேயே வெடித்தது. ஒரு மாலுமி செத்தார். பீரங்கிக்குப் பொறுப்பான இளம் அதிகாரிக்கு ஒரு கால் போயிற்று. பிறகு அவரை, ஜெர்மனிக்கு இணங்கி நடந்த விஷி பிரான்சின் கையிலிருந்த மார்ட்டினிக் தீவில் இறக்கிவிட்டுப் போனார்கள். சின்ன பீரங்கியால் சில குண்டுகள் சுட்டுப் பார்த்தார்கள், ஆலைக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ஆயிரக்கணக்கானோர் தூங்கிய ஊரும், அதன் நடுவே எண்ணெய்த் தொட்டிகளும் தப்பின. அங்கே மாதா கோயில்கள் உண்டு, மெழுகுவத்திகளும் உண்டு. ஆனால் அந்த இரவு ஊரைக் காப்பாற்றியது ஒருவன் கழற்ற மறந்த மூடி. கட்டுப்பாடு மிக்க ஒரு கப்பலில், கட்டுப்பாடு ஒரு நிமிடம் நழுவியதால் ஒரு ஊர் பிழைத்தது. ஒழுங்கைத் தெய்வமாக்கி வைத்திருப்பவர்கள் இந்த இரவைப் பற்றிக் கொஞ்சம் யோசிக்கலாம்.

மறுநாள் கரை ஒதுங்கிக் கிடந்த ஒரு டார்பிடோவைச் செயலிழக்கச் செய்யப் போன நான்கு டச்சு வீரர்கள் அது வெடித்துச் செத்தார்கள். ஹார்டென்ஸ்டைன் சளைக்கவில்லை. பிய்ந்துபோன பீரங்கியின் நுனியை ரம்பத்தால் அறுத்தெடுக்கச் சொன்னார். மூக்கறுபட்ட அந்தப் பீரங்கியை வைத்துக்கொண்டு பிற்பாடு கப்பல்களையும் சுட்டு மூழ்கடித்தார். தொழில் சுத்தம்.

இனி லாகோனியா என்ற கப்பலின் கதை.

1942 செப்டம்பர் 12 இரவு, மேற்கு ஆப்பிரிக்காவுக்கு வெகு தெற்கே அட்லாண்டிக்கின் நடுவில் பெரிய பிரிட்டிஷ் கப்பல் ஒன்று விளக்கில்லாமல் போய்க்கொண்டிருந்தது. கியூனார்ட் நிறுவனத்தின் பழைய பயணிகள் கப்பல், ஏறத்தாழ 19,700 டன். இப்போது அதில் பீரங்கி இருந்தது, படைவீரர்களை ஏற்றியது. போர்ச் சட்டப்படி அடிக்கத்தக்க கப்பல்தான். ஹார்டென்ஸ்டைன் இரண்டு டார்பிடோ விட்டார், இரண்டும் பட்டன.

கப்பலில் 2,700க்கு மேற்பட்டவர்கள் இருந்தார்கள். பிரிட்டிஷ் மாலுமிகள், வீரர்கள், எண்பது அளவில் பெண்களும் குழந்தைகளுமாகச் சாதாரணக் குடிமக்கள், நூற்றுச் சொச்சம் போலந்துக் காவலர்கள். இவர்களையெல்லாம் கூட்டினாலும் ஆயிரம் வராது. மீதி சுமார் 1,800 பேர், வட ஆப்பிரிக்காவில் பிடிபட்ட இத்தாலியப் போர்க் கைதிகள். அவர்களைக் கீழ்த்தட்டுகளில் அடைத்துக் கம்பிக் கதவு போட்டிருந்தார்கள். டார்பிடோ வெடித்த இடமே அவர்கள் இருந்த இடம். உயிரோடு மிஞ்சியவர்கள் கதவை முட்டியபோது காவலர்கள் துப்பாக்கிமுனை ஈட்டியால் தடுத்தார்கள் என்றும், படகைப் பற்றிய கைகளை வெட்டினார்கள் என்றும் பிழைத்து வந்தவர்கள் சொன்னார்கள். அந்த இத்தாலியர்களில் உயிர் தப்பியவர்கள் 400 பேர் அளவுதான்.

கேப்டன் ருடால்ஃப் ஷார்ப் கப்பலோடு மூழ்கினார். இந்த மனிதரின் கதை தனி. 1940 ஜூனில் பிரான்சுக் கரையோரம் ஜெர்மன் விமானங்கள் குண்டுபோட்டு மூழ்கடித்த லங்காஸ்ட்ரியா கப்பலுக்கும் இவர்தான் கேப்டன். அதில் ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள், இவர் பிழைத்தார். இரண்டாம் முறை பிழைக்கவில்லை. விதி என்று சொல்லத் துடிப்பவர்கள் இருப்பார்கள். போர்க்காலத்தில் கப்பல் ஓட்டுபவனை இரண்டு முறை அடிப்பதற்கு விதி தேவையில்லை, நீர்மூழ்கிகளே போதும்.

மூழ்கும் கப்பலை நெருங்கிய ஹார்டென்ஸ்டைனின் காதில் இருட்டிலிருந்து இத்தாலிய மொழியில் கூக்குரல் விழுந்தது. இத்தாலி அப்போது ஜெர்மனியின் கூட்டாளி. தன் பக்கத்து ஆட்களையே அடித்துவிட்டோம் என்று அவருக்குப் புரிந்தது. ஆட்களைத் தூக்கச் சொன்னார். தலைமைக்கு அனுப்பிய செய்தியில், துரதிர்ஷ்டவசமாக இத்தாலியக் கைதிகள் இருந்த கப்பல் என்று குறிப்பிட்டு, என்ன செய்வது என்று கேட்டார். இந்தத் ‘துரதிர்ஷ்டவசமாக’ என்ற சொல்லை நான் விடமாட்டேன். கூக்குரல் முழுக்க ஆங்கிலத்தில் மட்டும் கேட்டிருந்தால் அந்தச் சொல் வந்திருக்குமா? ஆக, இரக்கம் முதலில் கொடியைப் பார்த்துத்தான் பிறந்தது.

ஆனால் அது அங்கேயே நிற்கவில்லை. ஒருவனைத் தூக்கியபின் அடுத்தவனைத் தூக்குகிற கைக்கு மொழி தெரியாமல் போய்விடுகிறது. இத்தாலியரோடு ஆங்கிலேயரும் போலந்துக்காரரும் ஏறினார்கள். பெண்களைக் கப்பலுக்குள்ளே படுக்க வைத்தார்கள். சூப்பும் காபியும் கொடுத்தார்கள். ஐம்பது பேருக்கான குழாய்க்குள் இருநூறு பேர். மேலும் இருநூறு பேர் நான்கு உயிர்காப்புப் படகுகளில், கயிற்றால் நீர்மூழ்கியோடு கட்டப்பட்டு. 13ஆம் தேதி விடிகாலை ஹார்டென்ஸ்டைன் நீர்மூழ்கிக் கேப்டன்கள் வழக்கமாகச் செய்யாத ஒன்றைச் செய்தார். தான் இருக்கும் இடத்தை, சங்கேதம் இல்லாமல் ஆங்கிலத்திலேயே ரேடியோவில் உலகுக்கு அறிவித்தார். காப்பாற்ற எந்தக் கப்பல் வந்தாலும், தன்னை யாரும் தாக்காதவரை தான் அதைத் தாக்கமாட்டேன் என்றார். மறைந்திருப்பது ஒன்றே நீர்மூழ்கியின் கவசம். அதைத்தான் கழற்றி வைத்தார்.

பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுகிற வேலைதானே இது என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள், சரியான கேள்வி. அந்தக் கடலில் செத்த 1,600க்கு மேற்பட்டவர்களுக்கும் காரணம் அவர் விட்ட டார்பிடோக்கள். பிழைத்து வந்த ஆயிரத்துச் சொச்சம் பேருக்கும் பெரிய காரணம் அவர் நின்றது. இரண்டையும் ஒரே கணக்கில் கழித்து மிச்சம் பார்க்க முடியாது. நாம் அதைத்தான் செய்யப் பார்க்கிறோம். 2011இல் பிபிசி லாகோனியா கதையைத் தொலைக்காட்சி நாடகமாக ஒளிபரப்பியது. கேப்டனுக்கு அழகான முகம் கிடைத்தது.

அடித்தவனை அழகாக்கும் இந்தப் பழக்கம் நம் ஊருக்கும் உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தை அடித்தது, எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன, ஆட்கள் செத்தார்கள். தமிழன் என்ன செய்தான்? சூரப்புலியையும் பலே ஆளையும் ‘எம்டன்’ என்று அழைக்கத் தொடங்கினான். ஊரைச் சுட்டவனின் பெயர் பாராட்டுச் சொல்லாகிவிட்டது.

உதவிக்குக் கிளம்பியவை வேறு சில கப்பல்கள். ஜெர்மன் நீர்மூழ்கிகளின் தளபதி கார்ல் டோனிட்ஸ் யு-506, யு-507 இரண்டையும் அனுப்பினார். இத்தாலிய நீர்மூழ்கி ஒன்றும் வந்தது. மேற்கு ஆப்பிரிக்கத் துறைமுகங்களிலிருந்து விஷி பிரான்சின் கப்பல்கள் புறப்பட்டன. இவற்றில் யு-507ஐக் கவனியுங்கள். அதன் கேப்டன் ஹாரோ ஷாக்ட், ஒரு மாதத்துக்கு முன், ஆகஸ்ட் நடுவில், பிரேசில் கரையோரம் சில நாட்களுக்குள் ஆறு கப்பல்களை மூழ்கடித்திருந்தார். அவை கரையோரப் பயணிகளும் சரக்கும் ஏற்றிப் போனவை. சுமார் 600 பேர் செத்தார்கள். பிரேசில் அப்போது போரிலேயே இல்லை. அந்தச் சாவுகளுக்குப் பிறகு, ஆகஸ்ட் 22 அன்றுதான் போரில் இறங்கியது. அதே ஷாக்ட் செப்டம்பரில் லாகோனியாவின் பெண்களையும் குழந்தைகளையும் தண்ணீரிலிருந்து தூக்கினார். ஆகஸ்ட்டில் அவர் அரக்கன், செப்டம்பரில் மனிதன் என்று எழுதினால் வாசிக்கச் சுகமாக இருக்கும். உண்மை சுகமில்லாதது. இரண்டு மாதமும் அதே ஆள், அதே சட்டை, அதே காபி. நல்லவன் கெட்டவன் என்ற இரண்டு டப்பாக்களில் மனிதர்களைப் போட்டு மூடுவது புராணத்துக்குச் சரி.

செப்டம்பர் 16, முற்பகல். அசென்ஷன் தீவிலிருந்து கிளம்பிய அமெரிக்க லிபரேட்டர் விமானம் ஒன்று யு-156ஐக் கண்டது. நீர்மூழ்கியின்மேல் பெரிய செஞ்சிலுவைக் கொடி விரித்திருந்தார்கள். பின்னால் படகுகள் கயிற்றில் வந்தன. தளத்தில் ஏறியிருந்த பிரிட்டிஷ் விமானப்படை அதிகாரி ஒருவர் விளக்குச் சைகையில், இங்கே லாகோனியாவில் பிழைத்தவர்கள் இருக்கிறோம், பெண்களும் குழந்தைகளும் இருக்கிறார்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னார். பதில் வரவில்லை. விமானி தீவிலிருந்த தன் மேலதிகாரி ராபர்ட் ரிச்சர்ட்சனிடம் ரேடியோவில் கேட்டார். மூழ்கடி என்று விடை வந்தது. குண்டுகள் விழுந்தன. ஒன்று உயிர்காப்புப் படகுகளின் நடுவில் விழுந்து பலரைக் கொன்றது. நீர்மூழ்கி அடிவாங்கியது. ஹார்டென்ஸ்டைன் கயிற்றை வெட்டச் சொன்னார். தளத்தில் இருந்தவர்களைக் கடலில் இறங்கச் சொல்லிவிட்டு மூழ்கினார்.

நீர்மூழ்கியை மூழ்கடித்துவிட்டதாக எண்ணி விமானக் குழுவுக்குப் பதக்கம் கொடுத்தார்கள். உண்மையில் அவர்கள் அழித்தது படகுகளை. விசாரணை என்று ஒன்றும் நடக்கவில்லை. ரிச்சர்ட்சன் பின்னாளில் ஜெனரல் ஆனார். அந்தத் தீவின் விமானத் தளம் ரகசியமானது, அருகே நேச நாட்டுக் கப்பல்கள் போய்க்கொண்டிருந்தன, நீர்மூழ்கியை விட்டுவைத்தால் அது நாளை வேறு கப்பலை அடிக்கும் என்பவை அவர் பக்கத்து நியாயங்கள். அந்த நியாயங்கள் பொய்யல்ல. ஆனால் இதே நியாயத்தை ஒரு ஜெர்மானியன் வாயில் வைத்துப் பாருங்கள். இன்று விட்டுவைத்த மாலுமி நாளை வேறு கப்பலை ஓட்டுவான், ஆகையால் சுட்டேன். கேட்டதும் உங்கள் முகம் சுளிக்கிறது, இல்லையா? வாக்கியம் மாறவில்லை. கொடி மாறியது.

கைவிடப்பட்ட படகுகள் சில ஆப்பிரிக்காவை நோக்கி மிதந்தன. 68 பேரோடு கிளம்பிய ஒன்று 27 நாள் கழித்து லைபீரியக் கரையைத் தொட்டபோது 16 பேர் இருந்தார்கள். ஐம்பதுக்கு மேற்பட்டவர்களோடு கிளம்பிய இன்னொன்றைப் பிரிட்டிஷ் கப்பல் ஒன்று 40 நாள் கழித்துக் கண்டெடுத்தது. நால்வர் உயிரோடு இருந்தார்கள்.

செப்டம்பர் 17. ஒரே நாளில் இரண்டு காரியம் நடந்தது. ஹார்டென்ஸ்டைனுக்கு வீரச் சிலுவை என்ற உயர்ந்த விருதை அறிவித்தார்கள். காப்பாற்றியதற்காக அல்ல, மூழ்கடித்த டன்களுக்காக. அதே நாள் டோனிட்ஸ் எல்லா நீர்மூழ்கிகளுக்கும் ஓர் ஆணை அனுப்பினார். மூழ்கிய கப்பல்காரர்களைத் தூக்காதே, கவிழ்ந்த படகை நிமிர்த்தாதே, சோறு தண்ணீர் கொடுக்காதே, கடுமையாக இரு, எதிரி நம் நகரங்களில் குண்டு போடும்போது பெண்களையும் குழந்தைகளையும் பார்ப்பதில்லை என்பதை நினைத்துக்கொள் என்பது அதன் சாரம். வரலாற்றில் இதற்கு லாகோனியா ஆணை என்று பெயர்.

அமெரிக்க விமானம் குண்டு போடாமல் இருந்திருந்தால் ஜெர்மானியர்கள் கடைசிவரை தயாளர்களாகவே இருந்திருப்பார்கள் என்று ஒரு கதை அதன்பின் முளைத்தது. டோனிட்ஸின் ஆதரவாளர்களுக்கு மிகப் பிடித்த கதை. ஆனால் 1939 முடியும் முன்பே, போரின் முதல் மாதங்களிலேயே, அதே டோனிட்ஸ் 154ஆம் நிலையாணை என்று ஒன்று பிறப்பித்திருந்தார். அதிலும் யாரையும் தூக்காதே, படகுகளைப் பற்றிக் கவலைப்படாதே, கடுமையாக இரு என்றுதான் இருந்தது. அப்போது லிபரேட்டர் வரவில்லை, அமெரிக்காவே போரில் இல்லை. மனிதர்கள் முதலில் செய்ய நினைத்ததைச் செய்துவிட்டுக் காரணத்தைப் பிறகு தேடுவார்கள். காரணமும் தவறாமல் கிடைக்கும்.

போருக்குப் பின் நடந்த நியூரம்பெர்க் போர்க்குற்ற விசாரணையில் லாகோனியா ஆணை டோனிட்ஸின்மேல் முக்கியமான குற்றச்சாட்டாக வந்தது. அவருடைய வழக்கறிஞர் ஒரு தந்திரம் செய்தார். அமெரிக்க அட்மிரல் நிமிட்ஸுக்குக் கேள்விகளை எழுதி அனுப்பி விடை வாங்கினார். பசிபிக்கில் ஜப்பானுக்கு எதிராகப் போரின் முதல் நாளிலிருந்தே எச்சரிக்கையில்லாமல் கப்பல்களை மூழ்கடித்தோம் என்று நிமிட்ஸ் நேர்மையாக ஒப்புக்கொண்டார். 1946 அக்டோபர் 1 தீர்ப்பில், நீர்மூழ்கிப் போர் விதிகளை மீறியதைக் கணக்கில் எடுத்து டோனிட்ஸுக்குத் தண்டனை அளவிடவில்லை என்று நீதிபதிகள் எழுதினார்கள். வேறு குற்றங்களுக்காகப் பத்தாண்டு. இரண்டு பேரும் செய்த தவறு என்றால் அது இரண்டு பேருக்கும் தண்டனைக்குரியது என்றுதான் சின்னப் பிள்ளையும் சொல்லும். நீதிமன்றம் இருவருக்கும் இல்லை என்ற வழியில் போயிற்று.

மூன்றாமவன் கதைக்கு வருகிறேன். ஹைன்ஸ்-வில்ஹெல்ம் எக், யு-852இன் கேப்டன். 1944 மார்ச் 13, அட்லாண்டிக்கில் பெலியஸ் என்ற கிரேக்கச் சரக்குக் கப்பலை மூழ்கடித்தார். விடிந்ததும் விமானங்கள் மிதவைகளையும் பலகைகளையும் கண்டால் தன்னைத் தேடி வரும் என்று பயந்தார். தடயத்தை அழிக்க வேண்டும். மிதவைகளின்மேல் ஆட்கள் இருந்தார்கள். துப்பாக்கியாலும் கைக்குண்டாலும் இரவில் மணிக்கணக்கில் அடித்தார்கள். ஏறத்தாழ 35 பேரில் மூன்று பேர் தப்பி, ஐந்து வாரத்துக்குமேல் கடலில் கிடந்து, ஒரு போர்ச்சுகீசியக் கப்பலில் ஏறினார்கள். அவர்கள் வாயைத் திறந்ததால் உலகத்துக்குத் தெரிந்தது. யு-852 பிறகு சோமாலியக் கரையில் தட்டி நின்றது. எக்கும் ஆட்களும் பிரிட்டிஷாரிடம் பிடிபட்டார்கள்.

அந்தக் கப்பலின் தலைமை இன்ஜினியரை என்னால் மறக்க முடியவில்லை. ஆணையைக் கேட்டதும் எனக்கு இதில் உடன்பாடில்லை என்று கேப்டனிடமே போய்ச் சொன்னவர் அவர். பிறகு துப்பாக்கி ஒரு மாலுமியின் கையில் இருப்பதைப் பார்த்தார். அந்த மாலுமி தரக்குறைவான ஆள், அவன் கையால் அந்த மனிதர்கள் சாகக் கூடாது என்று துப்பாக்கியைத் தான் வாங்கிச் சுட்டார். விசாரணையில் அவரே கொடுத்த விளக்கம் இது. ஆணை தப்பு என்று அறிவு சொல்லிவிட்டது. கைக்கு அது எட்டவில்லை. அல்லது, வர்க்கப் பெருமை அறிவைவிட வேகமாக எட்டிவிட்டது. நமக்கு இது புரியாத நோயா? செய்வது தப்பு என்று தெரியும், ஆனால் செய்வதை ‘முறைப்படி’, ‘தகுதியுள்ளவர்’ கையால் செய்ய வேண்டும் என்ற நோய். அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தார்கள். துப்பாக்கியைத் தொடவே கூடாத கப்பல் மருத்துவரும் சுட்டிருந்தார். எக், மருத்துவர், இன்னோர் அதிகாரி, மூவரையும் 1945 நவம்பர் 30 அன்று சுட்டுக் கொன்றார்கள். மேலிடத்து ஆணை என்ற சாக்கு செல்லாது, சட்டத்துக்குப் புறம்பானது என்று கண்ணுக்கே தெரிகிற ஆணைக்குக் கீழ்ப்படியும் கடமை யாருக்கும் கிடையாது என்றது பிரிட்டிஷ் நீதிமன்றம். நல்ல சட்டம். அசென்ஷன் தீவு வரை அது பயணம் செய்யவில்லை.

அப்படியானால் இரண்டு பக்கமும் ஒன்று என்கிறாயா என்று ஒரு குரல் எழும். ஒன்று அல்ல. ஒரு பக்கம், இலட்சக்கணக்கான யூதர்களை ஆலை வைத்துக் கொன்ற அரசு. அதற்காகத்தான் யு-156 டார்பிடோ விட்டது, அதன் மாலுமிகள் எவ்வளவு நல்ல சூப் கொடுத்திருந்தாலும் சரி. அந்த அரசு தோற்றது உலகத்துக்கு நல்லது. ஆனால் நல்ல காரணம் என்பது, இனி போடப்போகும் ஒவ்வொரு குண்டுக்கும் முன்கூட்டியே வாங்கி வைத்த பாவமன்னிப்புச் சீட்டு என்று எந்தப் பகுத்தறிவு சொல்கிறது? அந்தச் சீட்டை விற்றவர்களைப் பார்த்துத்தானே ஐரோப்பா ஒரு காலத்தில் மதத்தையே கேள்வி கேட்டது.

நான்காமவன் பெயர் ஆஸ்கர் குஷ். யு-154இன் கேப்டன். அது யு-156 பிறந்த அதே பிரெமன் தளத்தில் பிறந்தது, அதே ரகம், ஒரு மாதம் மூத்தது. 1943 தொடக்கத்தில் பொறுப்பேற்றபோது குஷ்ஷுக்கு 24 வயது. அதிகாரிகள் அறையில் மாட்டியிருந்த ஹிட்லர் படத்தைக் கழற்றச் சொன்னார். இங்கே விக்கிரக வழிபாடு கிடையாது என்ற கருத்தில் ஒரு வார்த்தையும் சொன்னார். வெளிநாட்டு வானொலி கேட்டார். போர் தோற்றுவிட்டது, இந்த ஆட்சி ஒழிய வேண்டும் என்று சாப்பாட்டு மேசையில் பேசினார். கப்பலை ஓட்டுவதில் குறை வைக்கவில்லை, எதிரிக் கப்பல்களை அடித்தும் இருக்கிறார். குஷ்ஷையும் கோயிலில் ஏற்றாதீர்கள்.

அவருக்கு அடுத்த அதிகாரி உல்ரிஷ் ஆபெல், சட்டம் படித்து டாக்டர் பட்டம் பெற்றவர். 1944 ஜனவரியில் புகார் எழுதிக் கொடுத்தார். அந்த மாதம் 26ஆம் தேதி கீல் நகரில் ராணுவ நீதிமன்றம் கூடியது. அரசு வழக்கறிஞர் கேட்டதே பத்துச் சொச்சம் ஆண்டுச் சிறைதான். நீதிபதிகள் அதைத் தாண்டி மரண தண்டனை விதித்தார்கள். டோனிட்ஸ் நினைத்திருந்தால் தடுத்திருக்கலாம், தடுக்கவில்லை. மே 12 அன்று சுட்டார்கள். புகார் எழுதிய ஆபெல் அதைப் பார்க்க இல்லை. சில வாரங்களுக்கு முன்பே யு-193இல் போனவர் கடலோடு போய்விட்டார். தண்டித்த நீதிபதியின்மேல் போருக்குப் பின் வழக்கு நடந்தது, விடுதலை ஆனார். குஷ் குற்றவாளி அல்ல என்று ஜெர்மனி எழுதிக் கொடுத்தது 1996இல்.

இப்போது உங்கள் தாளைப் பிரித்துப் பாருங்கள். காப்பாற்றியவனுக்குப் பதக்கம், அதுவும் மூழ்கடித்ததற்கு. காப்பாற்றப்பட்டவர்கள்மேல் குண்டு போட்டவர்களுக்குப் பதக்கம். மிதந்தவர்களைச் சுட்டவனுக்கும் சாவு, படத்தைக் கழற்றியவனுக்கும் சாவு. நாட்டையும் பெயரையும் மறைத்தபோது நீங்கள் எழுதிய விடை இதுதானா?

1943 மார்ச் 8. யு-156 கரீபியனுக்குத் திரும்பி வந்திருந்தது. பார்படோஸ் தீவுக்குக் கிழக்கே, தண்ணீரின்மேல் இருந்தபோது அமெரிக்கக் கடற்படையின் கேட்டலீனா விமானம் ஒன்று மேகத்துக்குள்ளிருந்து இறங்கி அடித்தது. நீர்மூழ்கி உடைந்து மூழ்கியது. எண்ணெய்ப் படலத்தின் நடுவே சில மாலுமிகள் நீந்திக்கொண்டிருந்தார்கள். விமானம் உடனே போய்விடவில்லை. வட்டமடித்துத் திரும்பி வந்து, ரப்பர் மிதவையும் உணவுப் பொட்டலமும் போட்டது. சிலர் அதைப் பற்றிக்கொண்டதை மேலேயிருந்து பார்த்தார்கள். பார்னி என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் அவர்களைத் தேடிக் கிளம்பியது. சில நாள் தேடினார்கள். மிதவை கிடைக்கவில்லை, ஆட்களும் கிடைக்கவில்லை. ஹார்டென்ஸ்டைனோடு சேர்த்து 53 பேர்.